ஃபனோனின் ஐந்தாம் அத்தியாயமும் ஒரு மௌனமும்

ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் விடுதியில் ஒரு போட்டோப் பிரதி கைக்குக் கை மாறித் திரிந்தது. ஃபிரான்ட்ஸ் ஃபனோனின் 'பூமியில் சபிக்கப்பட்டவர்கள்' என்னும் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. நூல் என்று சொல்வதும் பிழை. அதன் முதலாம் அத்தியாயம் மாத்திரமே அதில் இருந்தது. வன்முறை பற்றிய அத்தியாயம். பிரதி எடுத்தவர் அத்தோடு நிறுத்திவிட்டார். கையில் காசு போதாமல் போயிருக்கலாம். எங்களுக்கோ அது தாராளமாகப் போதுமாயிருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு கீறிக் கீறி, விளக்கணைக்கச் சொல்லும்வரை வாசித்தோம். ஃபனோன் என்றால் வன்முறையின் தத்துவவாதி என்று அன்று மனதில் விழுந்த எண்ணம் பத்து வருடங்களுக்கு மேலாக அப்படியே கிடந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களின் பின்னர் மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் முழு நூலும் கிடைத்தது. ஊருக்குத் திரும்பும் இரவு பஸ்ஸில் வாசிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, முன்னர் வாசித்த பகுதியைத் தாண்டி, கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். ஐந்தாம் அத்தியாயம் நோயாளிகளின் குறிப்பேடு. புதிதாய்ச் சுதந்திரமடைந்த ஆபிரிக்க நாடொன்றின் முன்னாள் போராளி ஒருவர் அதில் வருகிறார். வருடந்தோறும் ஒரு குறிப்பிட்ட திகதி நெருங்கும்போது அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. பதற்றமும், தற்கொலை செய்துகொள்ள வேண்டுமென்ற எண்ணமும் வந்துவிடுகின்றன. அந்தத் திகதியில்தான், இயக்கத்தின் உத்தரவின் பேரில், அவர் ஒரு குண்டு வைத்திருந்தார். பத்துப் பேர் இறந்துபோயினர். தாம் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் அந்தத் திகதி வருடா வருடம் வந்துகொண்டே இருக்கிறது.

வன்முறை அடிமைப்பட்டவனின் தாழ்வுணர்ச்சியைக் கழுவி அவனை மனிதனாக்குகிறது என்று முதலாம் அத்தியாயத்தில் எழுதியவரும், வன்முறை தன் சொந்தப் போராளியையே உள்ளிருந்து அரிக்கிறது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் குறித்துவைத்தவரும் ஒரே ஆள். இரண்டையும் ஒரே வருடத்தில், ஒரே நூலுக்காக எழுதியிருக்கிறார். ஃபனோனின் ரசிகர்களைவிட ஃபனோனுக்கே வன்முறை பற்றி அதிகம் ஐயம் இருந்தது என்று ஹன்னா அரென்ட் சுட்டிக்காட்டியிருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். எங்கள் விடுதிப் பிரதிக்கு அந்தக் குறிப்பு நன்றாகவே பொருந்தும்.

புரட்சியொன்றில் நேரடியாக இறங்கிய சிந்தனையாளனுக்கு அந்தப் புரட்சி எதைக் கொடுக்கிறது, அவனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. நடைமுறையிலிருந்தே அறிவு பிறக்கிறது என்பது நம் முற்போக்கு நண்பர்களின் பாடமான விடை. களத்தில் இறங்கியவனின் கண்ணில் புழுதி விழுந்துவிடும், ஒதுங்கி நிற்பவனுக்கே உண்மை தெரியும் என்பது மறுதரப்பின் விடை. இரண்டுமே சொல்வதற்கு லேசானவை. ஃபனோனின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இரண்டும் சறுக்குகின்றன.

அவர் 1925 ஜூலை 20ஆம் திகதி, பிரான்சின் ஆதிக்கத்திலிருந்த மார்டினிக் தீவில் பிறந்த கறுப்பினத்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்சின் விடுதலைக்காக இளவயதிலேயே படையில் சேர்ந்து, காயம்பட்டுப் பதக்கமும் பெற்றவர். அந்தப் பதக்கத்துக்கான ஆணையில் ஒப்பமிட்ட ரவுல் சலான்தான் பின்னாளில் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைகளின் தலைமைத் தளபதியானார் என்பது சரித்திரத்தின் குறும்பு. லியோன் நகரில் மருத்துவம் படித்து, 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற முதல் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 27கூட ஆகவில்லை. அந்நூலில் சீற்றம் இருக்கிறது, அபாரமான படிப்பு இருக்கிறது. ஆனால் அதில் தெரியும் ஃபனோன், வெள்ளையரின் பார்வைக்கு முன்னால் நிற்கும் ஒரு தனிமனிதர். ஒரு மக்கள் கூட்டம் அங்கே இன்னும் தென்படவில்லை.

மக்கள் அவர் முன் வந்து நின்றது 1953 நவம்பரில், அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் வைத்தியசாலையில். அவருடைய பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தனர். அதற்கு முன்னர் பிரான்சில் செயிந்த் அல்பான் வைத்தியசாலையில், ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்திலிருந்து தப்பிவந்த தொஸ்கெல் என்ற வைத்தியரிடம் ஒரு புதிய முறையைக் கற்றிருந்தார். நோயாளிகளைக் கட்டிவைக்காமல், கூட்டங்கள், கொண்டாட்டங்கள், கைவேலை, விடுதிப் பத்திரிகை என்று ஒரு சிறு சமூகமாகவே வாழவைத்துக் குணப்படுத்தும் முறை அது. அதைப் பிளிடாவில் செயற்படுத்தினார். ஐரோப்பியப் பெண்களின் விடுதி குறுகிய காலத்திலேயே மாறத் தொடங்கியது. முஸ்லிம் ஆண்களின் விடுதியில் மாதக்கணக்கில் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு அழைத்தால் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். கூடை பின்னச் சொன்னால், அது பெண்கள் வேலை என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாதபோது பத்திரிகை எதற்கு? போதாததற்கு, ஃபனோனுக்கு அரபு தெரியாது. ஒவ்வொரு வார்த்தையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே போய்வந்தது. நீதிமன்றத்திலும் பொலிசிலும் அந்த மக்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசிப் பழகியவர்கள். வைத்தியரும் அவர்களுக்கு அதே கூட்டத்தில் ஒருவராகவே தெரிந்திருப்பார்.

அக்காலத்தில் அல்ஜியர்ஸ் மனநோய் வைத்தியத் துறையில் ஒரு தயார் விளக்கம் இருந்தது. வட ஆபிரிக்க முஸ்லிமின் மூளையே வளர்ச்சி குன்றியது என்று பேராசிரியர் அந்துவான் பொரோவின் பள்ளி எழுதிவந்தது. தோற்றுப்போன எந்த வைத்தியருக்கும் அது வசதியான தலையணை. ஃபனோனும் அவருடைய பயிற்சி வைத்தியர் ஜாக் அசூலேயும் அதில் தலைவைக்கவில்லை. பிழை நோயாளிகளிடம் இல்லை, எங்களிடம்தான் என்று 1954இல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். ஐரோப்பிய சமூகமொன்றின் வாழ்க்கையை முஸ்லிம்கள் மீது சுமத்தப் பார்த்தோம், அறியாமலே காலனித்துவத்தின் வேலையைத்தான் வைத்தியம் என்ற பெயரில் செய்தோம் என்பது அதன் சாரம். பிறகு அந்த விடுதியில் ஒரு கோப்பிக்கடை வந்தது, ஊரிலுள்ளது போலவே. பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. ஊரூராய்ப் போய்க் கதை சொல்லும் கதைசொல்லி ஒருவர் உள்ளே அழைக்கப்பட்டார். கைகட்டி உட்கார்ந்திருந்தவர்கள் பேசத் தொடங்கினர்.

நான் கிராமத்துப் பாடசாலை ஆசிரியன். பாடத்திட்டம் ஒன்று மேலிருந்து வரும். பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள். 'இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான்' என்று ஓய்வறையில் பேசுவோம். அந்தக் கட்டுரையைப் பற்றி வாசித்த நாளில் எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அதுவல்ல இங்கு நான் சொல்லவந்தது. அல்ஜீரிய யுத்தம் 1954 நவம்பர் 1ஆம் திகதிதான் ஆரம்பமானது. அதற்கு முன்பே, ஒரு தோல்வியை உற்றுப் பார்த்ததன் மூலம் ஃபனோனின் சிந்தனை திரும்பிவிட்டது. எந்த இயக்கமும் அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

யுத்தம் தொடங்கியதும் அந்த வைத்தியசாலைக்கு இரு பக்கத்தாரும் வந்தனர். தேசிய விடுதலை முன்னணியின் போராளிகளுக்கு ஃபனோன் இரகசியமாக வைத்தியம் செய்தார். பகலில், அவர்களைச் சித்திரவதை செய்த பொலிசாரும் அவரிடம் வந்தார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கியிருந்தார். சித்திரவதை வேலையை விடும் எண்ணம் அவருக்கில்லை. மனச்சாட்சி உறுத்தாமல் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய வைத்தியர் உதவ வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. இன்னொரு பொலிஸ்காரர் ஒருநாள் வைத்தியசாலை வளவில், தாம் வதைத்த ஒருவரையே நேருக்கு நேர் கண்டுவிட்டார். பொலிஸ்காரர் ஒரு மரத்தில் சாய்ந்து, வேர்த்து விறுவிறுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ட மற்றவரோ, தன்னை மீண்டும் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று நம்பிக் கழிவறையில் ஒளிந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இருவரும் ஒரே வைத்தியரின் நோயாளிகள்.

இந்த இரட்டைக் கதிரையில் நெடுநாள் இருக்க முடியவில்லை. 1956இன் இறுதியில் அல்ஜீரியாவின் வதிவிட அமைச்சர் ரொபேர் லகோஸ்துக்குத் தன் இராஜினாமாவை எழுதினார். மனிதன் தன் சூழலில் அந்நியனாக இல்லாதிருக்க உதவுவதுதான் மனநோய் வைத்தியம் என்றால், சொந்த நாட்டிலேயே நிரந்தர அந்நியனாக்கப்பட்ட ஒரு மக்களுக்கு அந்த வைத்தியத்தை எப்படிச் செய்வது என்பது அக்கடிதத்தின் வாதம். 1957 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டார். பாரிஸ் வழியாகத் தூனிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கும் வைத்தியம் பார்த்தார். ஆனால் இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. முன்னணியின் பத்திரிகையான 'எல் முஜாஹித்'தில் எழுதினார். அதன் பேச்சாளர்களில் ஒருவரானார்.

வைத்தியர் கேட்பவர். பேச்சாளர் சொல்பவர். ஃபனோனின் சிந்தனையில் நான் காணும் வெடிப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1959இல் அவர் வெளியிட்ட 'அல்ஜீரியப் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு' என்ற நூலில் வானொலி பற்றி ஓர் அற்புதமான அத்தியாயம் உண்டு. அல்ஜீரியக் குடும்பங்கள் நெடுங்காலம் வானொலிப் பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை. அது பிரெஞ்சுக்காரன் தன்னோடு பேசும் பெட்டி. தகப்பனும் மகளும் ஒன்றாயிருந்து கேட்கக்கூடிய சாமானுமல்ல. 1956இன் இறுதியில் 'அல்ஜீரியாவின் குரல்' ஒலிபரப்பாகப் போகிறது என்ற செய்தி பரவியதும், 20 நாட்களுக்குள் கடைகளில் இருந்த பெட்டிகளெல்லாம் விற்றுத் தீர்ந்தன என்று எழுதுகிறார். மின்சாரமில்லாத ஊர்களுக்கு பற்றரிப் பெட்டிகள். அரசாங்கம் விற்பனையைத் தடைசெய்தது, அலைவரிசையைக் குழப்பியது. ஒருவர் பெட்டியில் காதை ஒட்டி முள்ளை நகர்த்திக்கொண்டிருக்க, சுற்றிலும் வீடே காத்திருக்கும். நம் யுத்தகாலத்தில் பி.பி.சி. தமிழோசைக்காகச் சிற்றலையைத் துழாவியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. அநேக இரவுகளில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. இருந்தாலும், இன்ன மலையில் சண்டை நடந்ததா, நம்மவர் வென்றார்களா என்று சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். முள்ளைப் பிடித்திருப்பவர் ஆம் என்பார். துண்டு துண்டாய்க் கேட்டதை வைத்து ஊரே ஒரு முழு யுத்தத்தைக் கட்டியெழுப்பும்.

ஃபனோன் இதைப் பரிவோடு பார்க்கிறார். எதிரியின் பொய்க்கும் நம்முடைய பொய்க்கும் இடையில் மக்கள் தம்முடையதைத் தேர்ந்தார்கள், அது அக்கணத்தில் உண்மையின் தகுதியைப் பெற்றது என்ற பொருள்பட எழுதுகிறார். 'பூமியில் சபிக்கப்பட்டவர்கள்' முதலாம் அத்தியாயத்திலும் இதே கருத்து இன்னும் கூர்மையாக வருகிறது. காலனித்துவத்தின் சரிவை எது விரைவுபடுத்துகிறதோ அதுவே உண்மை என்கிறார். விடுதியில் இந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு கோடு போட்டிருந்தோம்.

இரைச்சலுக்குள் வெற்றியைக் கேட்கும் அந்த ஏழை மனிதனை என்னால் குறைசொல்ல முடியாது. அவன் தனக்கும் தன் சகாக்களுக்கும் தெம்பு தேடுகிறான். பேனாவும் அச்சியந்திரமும் கையிலுள்ள பத்திரிகை அதே காரியத்தைச் செய்யும்போது அது வேறு காரியமாகிவிடுகிறது. ஃபனோன் இந்த வித்தியாசத்தை அந்த நூலில் தொடவில்லை. தொடாமல் விட்டதற்குக் காரணமிருக்கிறது என்று நினைக்கிறேன்.

1957 மே மாத இறுதியில் மெலூசாப் பகுதியில் ஒரு கிராமத்தின் ஆண்கள் ஏறக்குறைய 300 பேர் கொல்லப்பட்டனர். மெஸ்ஸாலி ஹாஜின் போட்டி இயக்கத்தை ஆதரித்தவர்கள் என்பது அவர்கள் செய்த குற்றம். கொன்றது விடுதலை முன்னணி. முன்னணி மறுத்தது, பழியைப் பிரெஞ்சுப் படைமீது போட்டது. தூனிஸிலிருந்து அந்த மறுப்புக்குக் குரல் கொடுத்தவர்களில் ஃபனோனும் ஒருவர். முன்னணியின் தளபதி ஒருவரே பொறுப்பை ஒப்புக்கொண்டது பல வருடங்களின் பின்னர்தான்.

அதே வருட இறுதியில் நடந்தது அவருக்கு இன்னும் நெருக்கமானது. அபான் ரமதான் என்பவர் முன்னணியின் அரசியல் மூளை எனத்தக்கவர். 1956 ஓகஸ்டில் சுமாம் பள்ளத்தாக்கில் கூடிய மாநாட்டை நடத்தியவர். படையைவிட அரசியலுக்கே முதலிடம், வெளிநாட்டிலிருப்பவர்களைவிட உள்ளே போராடுபவர்களுக்கே முதலிடம் என்ற தீர்மானங்கள் அவருடைய உழைப்பு. 'எல் முஜாஹித்' பத்திரிகையும் அவருடைய மேற்பார்வையில் வந்தது. ஃபனோன் அவரை மதித்தார், அவருக்கு நெருக்கமாயிருந்தார். 1957 டிசம்பர் 27ஆம் திகதி மொரோக்கோவில், டெட்டுவான் அருகே, அபான் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் அவருடைய சகாக்கள். படைத்தலைவர்களின் கை ஓங்கியதை வெளிப்படையாகக் கண்டித்துவந்தவர் அவர். ஐந்து மாதங்களுக்குப் பின்னர், 1958 மே மாதத்தில், 'எல் முஜாஹித்' அவருடைய படத்தைப் போட்டு, எதிரியுடனான சமரில் வீரமரணமடைந்தார் என்று செய்தி வெளியிட்டது. அவர் வளர்த்த பத்திரிகை. ஃபனோன் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை.

அந்த 1957 டிசம்பர் இதழ்களில் ஃபனோன் ஒரு தொடர் கட்டுரை எழுதினார். பெயர் போடாத கட்டுரை, அந்தப் பத்திரிகையின் வழக்கப்படி. பிரான்சின் இடதுசாரிப் புத்திஜீவிகளைக் கடுமையாகச் சாடுவது அது. போராளிகளின் இன்ன செயலை நீங்கள் கண்டித்தால்தான் ஆதரிப்போம் என்று நிபந்தனை போடுகிறீர்கள், உங்கள் சொந்தத் தேசத்தின் குற்றத்துக்கு முன்னால் தயங்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு. டிசம்பர் 1, 15, 30 ஆகிய திகதிகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அபானின் மரணம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் விழுகிறது. அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த மூன்று திகதிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

ஏன் வாய் திறக்கவில்லை? அவர் வந்தேறி, முஸ்லிமும் அல்ல, அல்ஜீரியரும் அல்ல. (கடைசி நாட்களில் அவர் இப்ராஹிம் ஃபனோன் என்ற பெயரில் இருந்தார் என்பதை வைத்து, இஸ்லாத்தைத் தழுவினார் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அது பயணத்துக்காகப் போட்ட பெயர்.) அவருக்கு இருந்த ஒரே வீடு அந்த இயக்கந்தான். பேசியிருந்தால் பிரெஞ்சுப் பத்திரிகைகள் அன்றே கொண்டாடியிருக்கும். ஊரூராய்ச் சித்திரவதைக் கூடம் வைத்திருந்த ஓர் அரசாங்கத்துக்கு அது பரிசாகப் போயிருக்கும். இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஃபனோனைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. யுத்தத்தில் காயம்பட்டவர், உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தும் தன் வேலையைத் தொடர்ந்தவர். ஆனால் அவரே இந்தக் காரணங்களால் திருப்தியடையவில்லை. 1961இல் உரோமில் சார்த்ரையும் சிமோன் த பொவாவையும் சந்தித்தபோது, தன் மனச்சாட்சியில் இரண்டு மரணங்கள் இருப்பதாகவும் அவற்றுக்காகத் தன்னை மன்னிக்க முடியாதென்றும் சொல்லியிருக்கிறார். ஒன்று 1961 ஜனவரியில் கொல்லப்பட்ட கொங்கோவின் லுமும்பா. மற்றது அபான். பொவா தன் சுயசரிதையில் இதைப் பதிவுசெய்யாமல் விட்டிருந்தால் நமக்குத் தெரிய வந்திராது.

1960இல் ஃபனோன் அல்ஜீரியாவின் தற்காலிக அரசாங்கத்தின் தூதுவராகக் கானாவின் அக்ராவுக்குப் போனார். சுதந்திரம் கிடைத்த நாடுகளைப் பக்கத்திலிருந்து கண்டார். நேற்றுவரை மக்களோடிருந்த கட்சிகள் உத்தியோகம் பங்கிடும் கந்தோர்களாகியிருந்தன. அவ்வருட இறுதியில் இரத்தப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. மொஸ்கோவில் சிகிச்சை. திரும்பிவந்து, 1961இல், சில மாதங்களுக்குள் 'பூமியில் சபிக்கப்பட்டவர்கள்' நூலை முடித்தார். பல பகுதிகளை வாயால் சொல்லி எழுதுவித்தார். டிசம்பர் 6ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலான்டில் உள்ள வைத்தியசாலையொன்றில் 36 வயதில் மறைந்தார். நூல் அச்சாகி வந்தது சாவுக்குச் சற்று முன்னர். ஜனாஸா அல்ஜீரிய மண்ணுக்கு எடுத்துவரப்பட்டது. அலி ஷரீஅத்தி போன்றவர்கள் பாரிஸிலிருந்து அவரைப் பாரசீக வாசகர்களிடம் கொண்டுபோனதும், நமக்கு அவர் பெயர் தெரியவந்ததும் அதன் பிறகான கதை.

அந்நூலின் மூன்றாம் அத்தியாயம் எங்கள் விடுதிப் பிரதியில் இல்லாத இன்னொன்று. தேசிய உணர்வு எப்படிக் கெட்டுப்போகிறது என்பது பற்றியது. பழைய தியாகத்தைச் சொல்லிச் சொல்லியே மக்களைத் தூங்கவைக்கும் தலைவர், மக்களுக்கும் தலைமைக்கும் நடுவில் சுவராகிவிடும் கட்சி, எசமானின் நாற்காலியில் ஏறி உட்காரும் உள்ளூர் முதலாளி. இவற்றை 1961இலேயே அவர் கண்டு எழுதியது பலரையும் வியக்கவைத்திருக்கிறது. எனக்கு அதில் பிடித்துக்கொண்டது வேறொரு வாதம். மக்களுக்கு எதையும் விளக்கலாம், அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே இருந்தால் போதும் என்கிறார். மறைப்பதற்கு எதுவுமில்லை என்கிறார். முதலாம் அத்தியாயத்தில் உண்மை ஓர் ஆயுதம். மூன்றாம் அத்தியாயத்தில் அது மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனாகிவிடுகிறது. இந்தத் தூரத்தை அவர் எப்படிக் கடந்தார்? அக்ரா ஒரு காரணம். டெட்டுவான் அருகே நடந்ததும் இன்னொரு காரணம் என்று நான் வாசிக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஆபிரிக்காவின் கட்சிகள் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. அல்ஜீரியா பெரும்பாலும் நல்ல உதாரணமாகவே வருகிறது. படைக்கும் அரசியலுக்கும் இடையிலான உறவு பற்றி எழுதும்போது அபானின் பெயர் அங்கில்லை. தன் வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாததை அவர் ஒரு கண்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1962 ஜூலை 5இல் சுதந்திரம் வந்து, 1965இல் படைத்தளபதி பூமதியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்த அத்தியாயம் அல்ஜீரியாவுக்கும் எழுதப்பட்டதென்று எல்லோருக்கும் விளங்கியது. செத்துப்போனவருக்கு அது பிரயோசனப்படவில்லை.

புரட்சி இந்த மனிதரின் சிந்தனையை வளர்த்ததா, கட்டிப்போட்டதா என்று கேட்டால், அவர் எந்தக் கதிரையில் இருந்தார் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. நோயாளிக்கு முன்னால் இருந்தபோது புரட்சி அவருக்குக் கண் கொடுத்தது. புரட்சிக்காகப் பேசியபோது அதே புரட்சி அவருக்குத் தெரிந்த ஒன்றை எழுதவிடாமல் செய்தது. எழுதாமல் விட்டதும் வீணாகவில்லை, உருமாறி மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது என்று சமாதானம் சொல்லலாம். பொதுவாகச் சொல்வது போதுமா என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி. அது எனக்கு வெறும் நூலறிவுக் கேள்வியாக இல்லை. காரணத்தை வெட்கத்தோடு சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் எங்கள் ஊருக்கும் நிவாரணம் வந்தது. கூடாரம், அரிசி, வலை, காசு. அதைப் பொறுப்பெடுத்துப் பங்கிட ஊரில் ஒரு குழு இருந்தது. நல்லவர்களும் அதில் இருந்தார்கள். ஓர் இளைஞன், என்னிடம் முன்னர் படித்தவன், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் வெளியேறும்போது எழுந்து நின்று கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டான். சத்தம் போடவில்லை. அன்றிரவு மூன்று நான்கு பேர் அவனை வழிமறித்து அடித்தார்கள். ஒரு கை முறிந்தது. அடித்தவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "கேட்டதில பிழையில்ல, கேட்ட நேரம் பிழை" என்று பெரியவர்கள் சொன்னார்கள். யுத்தம் நடக்கும் நேரம், நாலாபக்கமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நம் அழுக்கை நாமே வெளியில் காயப்போடலாமா என்றார்கள். அந்த வாதம் எனக்கும் நியாயமாகவே பட்டது.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேசும் முறை என்னுடையது. அமானிதத்தைப் பற்றிப் பேசினேன். பொதுச் சொத்தில் கைவைப்பதன் பாவம், கேள்வி கேட்பவனைத் துன்புறுத்துவதன் பாவம் என்று உதாரணங்களோடு விளக்கினேன். பேச்சு நன்றாக அமைந்தது. அதிபர் கைகொடுத்தார். குழுவில் இருந்தவரின் பிள்ளைகளும் அங்கே நின்றிருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுளிக்க எந்தத் தேவையும் இருக்கவில்லை. நான் எந்த ஊரைப் பற்றியும் பேசவில்லை.

கூட்டம் கலைந்த பின்னர், ஏழாம் வகுப்பில் இருந்த ஒரு பையன் என் பின்னால் வந்தான். அடிபட்டவனின் தம்பி.

"சேர், நீங்க சொன்னது எங்கட காக்காவப் பத்தியா?"

"எல்லாருக்கும் பொதுவாச் சொன்னன் மகன்" என்றேன்.

"ஓ" என்றுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

ஃபனோனின் மூன்றாம் அத்தியாயத்தை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த 'ஓ' எனக்குக் கேட்கிறது. ஃபனோனோடு என்னை ஒப்பிடுவதாக நினைக்கவேண்டாம். அவர் சுமந்தது ஒரு யுத்தம். நான் சுமந்தது ஓர் ஊரின் முகத்தாட்சணியம். ஆனாலும், அபானை நேசித்த ஒருவர் 1961இல் அந்த அத்தியாயத்தைப் புரட்டி, இது அவரைப் பற்றியதா என்று கேட்டிருந்தால், ஃபனோன் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தின் நோயாளிகளுக்கு வருடந்தோறும் ஒரு திகதி வந்தது. அந்த வைத்தியருக்கும் ஒரு திகதி இருந்திருக்கும். உரோமில் அவர் பொவாவிடம் வாய்விட்டது ஒரு நோயாளி வைத்தியரிடம் சொல்லும் பேச்சைப் போலவே எனக்குப் படுகிறது.

பிளிடா வைத்தியசாலை இன்று ஃபனோனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெஜாயா விமான நிலையத்துக்கு அபான் ரமதானின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

அந்தப் பையன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். லீவில் வரும்போது கடைத்தெருவில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சலாம் சொல்லுவான், சுகம் விசாரிப்பான். காக்காவின் கை மழைக்காலத்தில் இன்னமும் வலிக்கிறதாம். போன முறை சொன்னான். மற்ற விடயத்தை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.